அண்டாவுக்குள் அத்தை

ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் அவன் தேர்வு அதிகாரி. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, வண்டி ஓட்டிக் காட்டுகிறவர்களின் கை, கால், கண் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. அந்த வண்டியில் அவன் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆனால் 'பிரேக்' என்ற பட்டப்பெயர் அவனுக்கு அங்கே ஒட்டியதல்ல. அது பல் டாக்டரின் கிளினிக்கில் ஒட்டியது.

பல் டாக்டர் அவனோடு பள்ளியில் படித்தவள். ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதன் காத்திருப்பு அறையில் கூடி ஒரு மாயாஜாலக் கதையாட்டம் ஆடுவார்கள். காய் நகர்த்துகிற ஆட்டமில்லை. ஒருவர் நடுவர். அவர் காடு, கோட்டை, பூதம் என்று ஓர் உலகத்தைச் சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்த உலகத்துக்குள் நுழைந்து, 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள். அது பலிக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். சந்தேகமே வேண்டாம், நடக்காது என்றால் நடுவரே சொல்லிவிடுவார்.

நடுவர் பிரேக். அவனுக்குச் சந்தேகம் என்பதே வருவதில்லை.

"மாமா, என் ஒளி மந்திரத்தைப் பூதத்தோட கண்ணுக்கு நேரா போடறேன். கண்ணு கூசி விழுந்துடும்" என்பான் மச்சினன். மனைவியின் தம்பி. செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான்.

"வெளிச்சம் தரும்னுதான் போட்டிருக்கு. கண்ணு கூசும்னு போடல. முடியாது."

பல் டாக்டருக்கு வேறு குறை. அவளுடைய மந்திரவாதிக்குத் தொடாமலே பொருளை நகர்த்தும் மந்திரம் தெரியும். அதை வைத்து ஒரு ராட்சசனின் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று அவளுக்கு வெகுநாளாக ஆசை.

"பல்லு பொருள் இல்ல, உடம்பு" என்றான் பிரேக்.

"பிடுங்கிட்டா பொருள்தானே?"

"பிடுங்கினதுக்கப்புறம் நகர்த்திக்கோ."

அன்றைக்குத்தான் அவள் அவனுக்கு அந்தப் பெயரை வைத்தாள். நாளடைவில் அவன் மனைவியே வீட்டில் அவனை அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள்.

இப்படிக் கறாராகப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்துக்குள் மாமியார் வந்து சேர்ந்தார்.

அவருடைய வீட்டில் தரையை முழுக்கப் பெயர்த்துப் புதுசாகக் கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிகிறவரை மகள் வீட்டில் இருக்கட்டும் என்று அழைத்து வந்திருந்தார்கள். காப்பீட்டு நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நொறுங்கிய கார், எரிந்த கிடங்கு, 'தானாகவே' மாடியிலிருந்து குதித்த பியானோ என்று ஊரில் உள்ள அத்தனை இடிபாடுகளையும் நேரில் போய்ப் பார்த்து, சொல்கிற கதை உண்மையா என்று எழுதிக் கொடுத்தவர். பிரேக் அவர் முன்னால் கால்மேல் கால் போட்டுக்கூட உட்கார மாட்டான். வெறுப்பெல்லாம் இல்லை. மரியாதைதான். கொஞ்சம் நடுக்கம் கலந்த மரியாதை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு ஆய்வுக்கூடத்தில் பணி. கிளம்பும்போது சொன்னாள்: "அம்மாவைத் தனியா விட்டுட்டு நீங்கமட்டும் விளையாடப் போயிடாதீங்க. கூட்டிட்டுப் போங்க."

"அத்தைக்கு அங்க போரடிக்குமே."

"இங்க சுவத்தைப் பாத்துட்டு இருக்கிறதுக்கு அது தேவலை."

காத்திருப்பு அறையில், ஒன்றோடு ஒன்று பிணைத்த இரும்பு நாற்காலி வரிசையில் மாமியார் நோயாளிபோல் உட்கார்ந்தார். மூலையிலிருந்த பெரிய பிளாஸ்டிக் கடைவாய்ப் பல்லைச் சிறிது நேரம் ஆராய்ந்தார். பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டினார். பிறகு, "நானும் ஆடலாமா?" என்று கேட்டார்.

அவசரமாக ஒரு பாத்திரம் தயாரித்தார்கள். ஒரு சமையல்காரக் கிழவி. இரண்டே இரண்டு சின்ன மந்திரம் தெரிந்தவள். ஒன்று சூடாக்கும். மற்றொன்று திறக்கும். இதை வைத்துக்கொண்டு என்ன கெட்டுப்போகும் என்று பிரேக் நினைத்தான்.

அன்றைக்குக் கதையில் ஒரு பாலம் வந்தது. பாலத்தின் நடுவே தலைமுதல் கால்வரை இரும்புக் கவசம் அணிந்த ஒரு வீரன் நின்றான். மச்சினன் வாளை வீசினான், வாள் வளைந்தது. பல் டாக்டர் தள்ளிப் பார்த்தாள், அவன் அசையவில்லை.

"மாப்பிள்ளை" என்றார் மாமியார். "அந்தச் சூடாக்குற மந்திரத்துக்கு என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிங்க."

பிரேக் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் படித்தான். "உலோகப் பாத்திரத்தின் உள்ளே இருப்பதைப் பரிமாறும் பதத்துக்குச் சூடாக்கும்."

"உள்ளே இருக்கிறது சாப்பாடாத்தான் இருக்கணும்னு இருக்கா?"

"அது... இல்லீங்க அத்தை."

"அவன் எதுக்குள்ள இருக்கான்?"

பிரேக்கின் உதடுகள் 'முடியாது' என்பதற்குத் தயாராகக் குவிந்தன. மாமியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். குவிந்த உதடு அப்படியே நின்றுவிட்டது.

"சரிங்க அத்தை" என்றான்.

வீரன் "ஐயோ" என்று அலறிக்கொண்டு ஆற்றில் குதித்தான். பல் டாக்டர் எழுந்து நின்று கைதட்டினாள். மச்சினன் தட்டவில்லை.

"மாமா, கண்ணு கூசக் கூடாது. ஆனா ஆளை வேக வைக்கலாமா?"

"வேக வைக்கலடா" என்றார் அவன் அம்மா. "பரிமாறுற பதம்தான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மந்திரி வந்தான். ராஜாவைக் கடத்தி வைத்திருக்கும் இடம் அவனுக்குத்தான் தெரியும். மிரட்டினார்கள், கெஞ்சினார்கள். பிரேக் கதை சொல்லும் உற்சாகத்தில், "மந்திரி வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு நின்றான்" என்று சொல்லிவைத்தான்.

"திறக்கிற மந்திரத்தைப் படிங்க மாப்பிள்ளை."

"பூட்டியிருப்பதைத் திறக்கும்" என்று படித்த பிறகுதான் தான் மாட்டிக்கொண்டது அவனுக்கு உறைத்தது. "அத்தை, அது ஒரு பேச்சுக்குச் சொன்னது..."

"என் வேலையில பேச்சுக்குச் சொன்னதை எல்லாம் நான் எழுதி வாங்கியிருக்கேன்."

மந்திரி மடமடவென்று எல்லாவற்றையும் கக்கிவிட்டான். மச்சினன் பகடையை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். அன்று கிளினிக்கைப் பூட்டும்போது பல் டாக்டர் பிரேக்கைத் தனியாகப் பிடித்தாள்.

"எங்களுக்கு ஒரு நியாயம், உங்க மாமியாருக்கு ஒரு நியாயமா?"

"பெரியவங்க... எப்படி மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்றது?"

"அப்ப நானும் உனக்கு ஏதாவது ஒரு வகையில அத்தை ஆகணுமா?"

இது அவனைத் தின்றது. அலுவலகத்தில்கூட நிம்மதியில்லை. ஒரு பையன் பின்பக்கமாக வண்டியை எடுத்துப் பிளாஸ்டிக் கூம்பின்மேல் ஏற்றிவிட்டு, "இடிக்கக் கூடாதுன்னுதான் சார் போட்டிருக்கு. நான் இடிக்கல, ஏத்தினேன்" என்றான். பிரேக் ஒரு நிமிடம் அதை உட்கார்ந்து யோசித்தான். யோசித்தோம் என்பதே அவனுக்குப் பயமாக இருந்தது. பையனைத் தோல்வியடையச் செய்துவிட்டு, கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டான்.

அங்கேதான் அவனுக்கு ஒரு வழி தோன்றியது. அடுத்த ஆட்டத்தின் தொடக்கத்தில் எழுந்து நின்று அறிவித்தான்: "இனிமே நான் ஒரு தந்திரத்தை அனுமதிச்சா, அது அந்த உலகத்துல எல்லாருக்கும் சட்டம். நீங்க செய்யறதை எதிரியும் உங்களுக்குச் செய்யலாம். யோசிச்சுக் கேளுங்க."

இப்படிச் சொன்னால் மாமியார் கொஞ்சம் அடங்குவார் என்பது அவன் கணக்கு. மாமியார் முகம் மலர்ந்தது. "இதை முதல்லயே சொல்லியிருக்கணும். அதுதான் நியாயம்."

அன்றைக்கு அவர்கள் ராஜாவை மீட்கக் கோட்டைக்குள் நுழைய வேண்டும். கோட்டையில் விருந்து. வாசலில் காவல் பலமாக இருந்தது. மாமியார் ஒரு திட்டம் சொன்னார். விருந்துக்குப் போகிற சமையல் வண்டியில் பெரிய செப்பு அண்டா ஒன்று இருக்கிறது. கிழவி அதற்குள் ஒளிந்துகொள்வாள். வண்டி உள்ளே போனதும் வெளியே வந்து பின்கதவைத் திறந்துவிடுவாள்.

"மூடி ஆடிச் சத்தம் போடும்" என்றாள் பல் டாக்டர்.

"நீ கயித்தால இறுக்கிக் கட்டிடு" என்றார் மாமியார் மகனிடம். "உள்ள போனதும் அவிழ்த்து விட வண்டிக்காரனுக்குக் காசு குடுத்துடுங்க."

மச்சினன் கட்டினான். முடிச்சுப் பலமாக விழுந்ததா என்று பகடை உருட்டிப் பார்த்தார்கள். இருபது விழுந்தது. அவன் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல முடிச்சு போட்டதில்லை.

வண்டி கோட்டைச் சமையலறைக்குள் போயிற்று. பிரேக் மேற்கொண்டு சொல்ல வாயெடுத்தவன் நின்றுவிட்டான். சமையலறை என்றால் சமையல்காரன் இருப்பான். சமையல்காரனுக்குச் சூடாக்கும் மந்திரம் தெரியாமல் இருக்காது. விருந்து நேரம். கனமான செப்பு அண்டா, மூடி கட்டியிருக்கிறது. எந்தச் சமையல்காரன் அதைச் சூடாக்காமல் விடுவான்?

பிரேக் பகடையைக் கையில் எடுத்துக்கொண்டு, "சமையல்காரன் அண்டாவைக் கவனிக்கிறானான்னு பாக்கலாம். பத்துக்கு மேல விழுந்தா கவனிப்பான்" என்றான்.

நடுவரின் பகடையை மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்பதற்காகப் பற்பசை விளம்பர அட்டை ஒன்றை மடித்து மறைப்பாக நிறுத்தியிருந்தார்கள். அதில் ஒரு குடும்பமே பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் பிரேக் பகடையை உருட்டினான். பதினெட்டு.

"மூணு" என்றான். "சமையல்காரன் அந்தப் பக்கமே திரும்பல. வெங்காயம் நறுக்கப் போயிட்டான்."

மச்சினனும் பல் டாக்டரும் பெருமூச்சு விட்டார்கள். மாமியார் விடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"மாப்பிள்ளை, அட்டையை எடுங்க."

"அத்தை, நடுவரோட பகடையை..."

"எடுங்க."

எடுத்தான். பகடை பதினெட்டைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பதினெட்டுக்கும் மூன்றுக்கும் தூரத்துச் சொந்தம்கூடக் கிடையாது.

"அப்ப நான் செத்துட்டேன்" என்றார் மாமியார்.

இதற்குப் பிறகு நடந்தது அந்த அறையில் அதுவரை நடக்காதது. பிரேக், எவர் என்ன கேட்டாலும் மறுக்கிற பிரேக், வழி தேட ஆரம்பித்தான்.

"அத்தை, பரிமாறுற பதம்தானே? அதுல யாரும் சாக மாட்டாங்க. அந்த வீரன்கூடச் சாகலயே."

"அவனுக்குக் குதிக்க ஆறு இருந்துச்சு. எனக்கு மூடிதான் இருக்கு."

"நீங்க சாப்பாடு இல்லையே!"

"சாப்பாடாத்தான் இருக்கணும்னு இல்லைன்னு நீங்கதான் படிச்சுக் காட்டினீங்க."

"அம்மா, உன்கிட்ட திறக்கிற மந்திரம் இருக்கு!" என்று கத்தினான் மச்சினன். "மூடியைத் திற!"

"பூட்டினதைத்தான் திறக்கும். நீ கட்டியில்ல வச்சிருக்கே. கட்டினதை அவிழ்க்கும்னு எங்க இருக்கு?"

"முடிச்சு லேசா விழுந்திருக்கலாம்..." என்று இழுத்தான் பிரேக்.

"இருபது" என்றார் மாமியார். "என் பையன் போட்ட முடிச்சு. நான் பாத்தேன்."

பல் டாக்டர் கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தாள். "ஆன்ட்டி, அது பாத்திரத்துல இருக்கிறதைத்தான் சூடாக்கும். ஆனா நீங்களே கதையில ஒரு பாத்திரம்தானே! பாத்திரத்துக்குள்ள பாத்திரம் இருந்தா?"

மாமியார் இதை ஒரு கணம் ரசித்தார். அது முகத்தில் தெரிந்தது. "நல்லா இருக்கும்மா. ஆனா செல்லாது."

அப்படியாகக் கிழவி அண்டாவுக்குள் காலமானாள். மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான். "கட்டினது நான். அம்மாவை நானே கட்டி..."

"அழாதேடா. கதைதானே" என்றார் செத்தவர்.

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. மச்சினன் அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறான். கதவைத் திறந்ததும் திறக்காததுமாக மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கம்மாவைக் கொன்னுட்டீங்களாமே?"

"நான் கொல்லல. காப்பாத்தத்தான் பாத்தேன்."

"பொய் சொல்லிக் காப்பாத்தினீங்களாம். அது வேறயா?"

பின்னாலேயே மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "அவர் பொய் சொன்னதைப் பத்தி நீ பேசாதே. அதை நான் பேசிக்கிறேன்." மகளைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிரேக் நின்றான்.

"உக்காருங்க மாப்பிள்ளை. நீங்க என்மேல இரக்கப்பட்டீங்களா, இல்ல பயந்தீங்களா?"

பிரேக் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். "பயந்தேன்."

"அதுவரைக்கும் நல்லது. இரக்கப்பட்டிருந்தீங்கன்னா எனக்குக் கோவம் வந்திருக்கும்." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "வேலையில இருந்தப்ப தினமும் நாலு பேர் என்கிட்ட சண்டை போடுவாங்க. நான் முடியாதும்பேன். மேலதிகாரி எனக்கு முடியாதும்பார். ஓய்வு வாங்கினதுல இருந்து எல்லாரும் சரி சரிங்கறாங்க. பையன் சரிங்கறான். பொண்ணு சரிங்கறா. கல்லு பதிக்கிறவன்கூடச் சரிம்மாங்கறான், அப்புறம் அவன் இஷ்டத்துக்குப் பதிக்கிறான். சரி சொல்றவங்க யாரும் நான் சொல்றதைக் காதுல வாங்கறதில்ல. உங்க ஆட்டத்துல முதல் தடவையா ஒருத்தர் புத்தகத்தை எடுத்து, வரி வரியாப் படிச்சு எனக்குப் பதில் சொன்னார். ஜெயிச்சேன்னு நினைச்சேன். பாத்தா, அதுவும் சரிங்க அத்தைதான்."

தேர்வு முடிந்ததும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஓட்டியவரிடம் எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று சொல்வது பிரேக்குக்குப் பழக்கம். இப்போதும் அதையே செய்தான்.

"வீரன் விஷயம் உண்மையிலேயே நல்ல யோசனை அத்தை. அதை வேற யார் கேட்டிருந்தாலும் நான் மறுத்திருப்பேன். ஆனா மறுத்திருந்தா தப்பு என்னுது. மந்திரி விஷயம்..." தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "அது அழுகுணி ஆட்டம். வாய்ல பூட்டு இல்ல. ஒரு நாளும் விட்டிருக்கக் கூடாது."

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கும் அது கொஞ்சம் அதிகம்னுதான் பட்டுச்சு. நீங்க மடக்குவீங்கன்னு பாத்தேன்" என்றார். பிறகு சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து பிரேக் கேட்டதில்லை. மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் புதிய பாத்திரத்தோடு வந்தார். இந்தத் தடவை ஒரு திருடி. நிழலை நகர்த்துகிற மந்திரம் மட்டும் தெரியும். மறைப்பு அட்டை மேசைமேல் இல்லை. பிரேக் அதை எடுத்து மருந்து அலமாரிக்குப் பின்னால் சொருகிவிட்டிருந்தான். பகடை எல்லோரும் பார்க்க உருளட்டும்.

கதையில் அவர்கள் சிறை முற்றத்துக்கு வெளியே பதுங்கியிருந்தார்கள். உள்ளே ராஜா. சுற்றிலும் காவலர்கள்.

"அந்த மரத்து நிழலை இழுத்துக் காவலர்கள் கண்ணுமேல போடறேன். ஒண்ணும் தெரியாது அவங்களுக்கு" என்றார் மாமியார்.

மச்சினனும் பல் டாக்டரும் பிரேக்கைப் பார்த்தார்கள். பிரேக் புத்தகத்தைப் பார்த்தான். பிறகு மாமியாரைப் பார்த்தான்.

"முடியாது அத்தை."

இரும்பு நாற்காலி வரிசை லேசாகக் கிறீச்சிட்டது.

"ஏன்?"

"நிழல் விழுந்தா இருட்டாகும், குருடாகாது. மரத்தடியில உக்காந்து பேப்பர் படிக்கலையா நாம?"

மாமியார் யோசித்தார். "நியாயம்தான்" என்றார். அதில் வருத்தமே இல்லை. நாற்காலியின் நுனிக்கு வந்தார். "இந்த முற்றத்துல காவல் மாத்துறதுக்கு நேரம் எப்படிப் பாக்கறாங்க?"

"நடுவுல ஒரு கல்தூண் இருக்கு. அதோட நிழல் எந்தக் கோட்டுல விழுதுன்னு பாத்து..." பிரேக் பாதியில் நிறுத்தினான்.

"அந்த நிழலைக் கொஞ்சம் நகர்த்தறேன். நேரமாயிடுச்சுன்னு அவங்களே வீட்டுக்குப் போகட்டும்."

பல் டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரேக் விதியை இரண்டு முறை படித்தான். மேலும் கீழும் பார்த்தான். தடுக்க ஒரு வரியாவது கிடைக்குமா என்று உண்மையாகவே தேடினான், கிடைக்கவில்லை. கிடைக்காததில் அவனுக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

"இதையே எதிரி உங்களுக்குச் செஞ்சா ஒத்துக்குவீங்களா?"

"கண்டிப்பா."

"அப்ப சரி. ஆனா வெயில் மேல இருக்கு, நிழல் குட்டையா இருக்கு. பிசகாம நகர்த்தறது கஷ்டம். குறைஞ்சது பதினஞ்சு விழணும்."

"அவ்வளவா?"

"அவ்வளவுதான்."

மாமியார் பகடையை இரண்டு கையிலும் வைத்துக் குலுக்கினார். அது மேசையில் ஓடி, பத்திரிகைகளைத் தாண்டி, விளிம்பில் தயங்கி நின்றது. நால்வரும் குனிந்தார்கள்.

இரண்டு.

"நிழல் நகர்ந்தது" என்றான் பிரேக், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஆனா எதிர்ப்பக்கமா. அதைப் பாத்து முற்றத்துல மணி அடிச்சுட்டாங்க. வேலைக்கு வர்ற நேரம் ஆயிடுச்சுன்னு வீட்டுல தூங்கிட்டு இருந்த காவலர்களும் எழுந்து ஓடி வராங்க. இப்ப முற்றத்துல ரெண்டு மடங்கு ஆளு. அதுல ஒருத்தன் உங்களைப் பாத்துட்டான்."

"அம்மா!" என்றான் மச்சினன்.

மாமியார் அதைக் காதில் வாங்கவில்லை. நாற்காலி வரிசையோடு சேர்த்து மகனையும் ஒரு இழுப்பு இழுத்து மேசைக்கு நெருங்கி உட்கார்ந்தார். கன்னம் சிவந்திருந்தது.

"ஓடிக்கிட்டே யோசிக்கலாம்" என்றார். "மாப்பிள்ளை, சிறைக்குப் பின்னால என்ன இருக்கு?"